கங்கையில் பனி எவ்வளவு, மழை எவ்வளவு?

இமயமலைப் பனிப்பாறைகள் 2035-ஆம் ஆண்டுக்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. போதிய ஆதாரமில்லை என்று 2010-இல் அக்கூற்று திரும்பப் பெறப்பட்டது. பனிப்பாறைகள் உருகுவது உண்மை. அந்தக் காலக்கெடுதான் பிழை. ஆயினும் கங்கை வற்றிவிடும் என்ற அச்சமும், ஒன்றும் நேராது என்ற அலட்சியமும் இன்றுவரை எதிரெதிராக நின்று வாதிடுகின்றன. இரு தரப்பும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆற்றில் ஓடும் நீரில் பனி உருகி வந்தது எவ்வளவு, எந்த மாதத்தில்?

அதற்கான சான்றை நீரே சுமந்து வருகிறது. இயற்கையில் உள்ள ஆக்சிஜன் அணுக்களில் ஏறத்தாழ 500-இல் ஒன்று, வழக்கமான அணுவைவிட இரண்டு நியூட்ரான்கள் கூடுதலாகக் கொண்ட ஆக்சிஜன்-18. ஹைட்ரஜனிலும் டியூட்டீரியம் என்ற கனமான வகை உண்டு. இவை கதிரியக்கம் அற்றவை, காலத்தால் சிதையாதவை. ஆகவே நிலையான ஐசோடோப்புகள் எனப்படுகின்றன. கனமான நீர் மூலக்கூறுகள் மேகத்திலிருந்து முந்திப் பொழிகின்றன. மலையேறும் மேகம் அடிவாரத்திலேயே அவற்றைக் கூடுதலாக இறக்கிவிடுவதால், உயரத்தில் விழும் பனியில் அவற்றின் விகிதம் குறைகிறது. மழை, பனி, ஆற்றுநீர் ஆகியவற்றின் மாதிரிகளை ஒப்பிட்டால், அவை கலந்த விகிதத்தைக் கணக்கிடலாம்.

அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் ரிஷிகேஷில் கங்கை நீரை இவ்வாறு ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, பருவப்பனியும் பனிப்பாறையும் உருகி வரும் நீரின் சராசரிப் பங்கு அங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. சமவெளியில் துணையாறுகளும் நிலத்தடி நீரும் சேரச் சேர அப்பங்கு குறையும். சிந்துவின் கதை வேறு. மேல் சிந்துப் படுகையின் நீரோட்டத்தில் பனிப்பாறை உருகல் மட்டுமே சுமார் 40 விழுக்காடு என்றும், மேல் கங்கைப் படுகையில் அது சுமார் 12 விழுக்காடு என்றும் 2014-இல் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு மதிப்பிட்டது. இமயத்து ஆறுகள் அனைத்துக்கும் ஒரே எதிர்காலத்தைக் கணிப்பது பொருந்தாது.

ஆண்டுச் சராசரியும் முழு உண்மையைச் சொல்லாது. பருவமழைக்கு முந்தைய கோடை மாதங்களில் மலை ஆறுகள் உருகுநீரையே பெரிதும் நம்பியிருக்கின்றன. பருவப்பனி ஆண்டு வருமானம் போன்றது, பனிப்பாறையோ முதலீடு. முதல் கரையும்போது வரத்து சில காலம் பெருகும். உச்சத்தைத் தொட்டபின் குறையத் தொடங்கும். பெருகும் ஆண்டுகளின் அளவை நம்பி நீர்மின் நிலையங்களையும் பாசனத்தையும் திட்டமிட்டால், பின்வரும் தலைமுறை விலை கொடுக்கும்.

தமிழகத்துக்கும் இதில் அக்கறை உண்டு. கங்கை–காவிரி இணைப்பை கே.எல். ராவ் 1972-இல் முன்வைத்தது முதல், 'உபரி நீர்' என்ற சொல் இங்கே ஒலித்து வருகிறது. ஆனால், பருவமழைக்கால வெள்ளமும் மே மாத வரத்தும் வெவ்வேறு மூலங்களிலிருந்து வருபவை. உபரி என்பது மாதவாரியாகப் பார்க்க வேண்டிய கணக்கு.

இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. பருவப்பனிக்கும் பனிப்பாறைக்கும் உரிய ஐசோடோப்பு அளவுகள் சில இடங்களில் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஊற்றுநீரும் பழைய பனியிலிருந்து பிறந்ததாக இருக்கலாம். எனவே, பல உயரங்களில், ஆண்டு முழுவதும், பல ஆண்டுகளுக்கு மாதிரிகள் தேவை. ஓரிரு ஆண்டுத் திட்டங்கள் இதற்குப் போதா.

இதைவிடப் பெரிய தடை நாமே உருவாக்கியது. ஐசோடோப்பு தருவது விகிதத்தை மட்டுமே. அதை நீரோட்டத்தின் அளவால் பெருக்கினால்தான் எவ்வளவு நீர் என்பது தெரியும். ஆனால், சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளின் நீரோட்டத் தரவுகளை மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டுத் தரவுக் கொள்கை பொதுப் பார்வைக்கு வெளியே வைத்திருக்கிறது. அண்டை நாடுகளோடு பகிரும் ஆறுகள் என்பதால் எச்சரிக்கை புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும், ஐந்தாண்டுகள் கடந்த மாதாந்திரத் தரவை வெளியிடுவதால் பாதுகாப்புக்கு ஊறு நேரும் என்று நான் கருதவில்லை.

1960-ஆம் ஆண்டின் சிந்து நதி ஒப்பந்தம் ஆறுகளைப் பங்கிட்டது. பருவநிலை மாற்றம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தது. என்றேனும் புதிய பேச்சு தொடங்கும்போது, நீர் எங்கிருந்து, எப்போது வருகிறது என்ற கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். அதற்கு, மத்திய நீர் ஆணையத்தின் இமயமலை அளவீட்டு நிலையங்களில் ஐசோடோப்பு மாதிரி சேகரிப்பை நிரந்தரப் பணியாக்கி, முடிவுகளை வெளியிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.