கடனுக்குச் சொத்து என்று பெயர்

தலைநகரின் நட்சத்திர விடுதிகளில் வழக்கறிஞர் நிறுவனங்களும் முதலாளிகள் சங்கங்களும் நடத்தும் கருத்தரங்குகளுக்குப் பஞ்சமில்லை. "தொழில் நிறுவனங்கள் எதிர்கொள்ளும் சட்டச் சிக்கல்கள்" என்பது அவற்றின் நிரந்தரத் தலைப்பு. தொழிலாளர் சட்டம், மின்சாரச் சட்டம், போட்டிச் சட்டம் மூன்றும் முதலீட்டின் காலைக் கட்டிப் போடும் சங்கிலிகள் என்று அங்கே புலம்புகிறார்கள். இந்த மூன்று சட்டங்களும் உண்மையில் யாருடைய காலைக் கட்டுகின்றன என்பதை அறிய வேறெங்கும் போக வேண்டாம். அந்த விடுதிக்கு வெளியே உள்ள மின்கம்பத்தை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

2002 ஜூலை 1 அன்று தில்லி வித்யுத் வாரியம் மறைந்தது. மின்விநியோகம் மூன்று நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, இரண்டில் 51 விழுக்காடு பங்குகள் பி.எஸ்.இ.எஸ்.ஸுக்கும் ஒன்றில் 51 விழுக்காடு டாடா பவருக்கும் தரப்பட்டன. பி.எஸ்.இ.எஸ். பின்னர் ரிலையன்ஸ் குழுமத்தின் கைக்குப் போனது. மிச்சமுள்ள 49 விழுக்காடு மக்களுடையது, அதாவது தில்லி அரசினுடையது. புதிய முதலாளிகள் தடுமாறாமல் இருக்க, ஐந்தாண்டு இடைக்கால உதவியாக 3,450 கோடி ரூபாயை அன்றைய காங்கிரஸ் அரசு ஒதுக்கியது. சந்தையின் ஆற்றலை மெச்சியவர்கள் முதலில் திறந்தது அரசுக் கருவூலத்தைத்தான்.

இருபதாண்டுகளுக்கு மேலான இந்தச் சோதனையின் விளைவு ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக நிற்கிறது: ரெகுலேட்டரி அசெட். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் பல நாள் தொல்லை கொடுத்தது. "ஒழுங்குமுறைச் சொத்து" என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை; பொருட்பிழை உண்டு. ஒரு நிறுவனம் தனக்கு இவ்வளவு செலவு என்று கணக்குக் காட்டுகிறது. ஆணையம் அதை ஏற்றுக்கொண்டாலும் அவ்வாண்டுக் கட்டணத்தில் முழுவதையும் ஏற்றாமல் ஒரு பகுதியைத் தள்ளி வைக்கிறது. தள்ளி வைத்த தொகைக்கு வட்டி ஓடுகிறது. வட்டியும் முதலுமாகப் பின்னொரு நாள் நுகர்வோரிடம் வசூலிக்கப்படும். நிறுவனத்தின் ஏட்டில் அது சொத்து. குடிசையில் மின்விசிறி சுழற்றும் குடும்பத்துக்கு அது தான் வாங்காத கடன். ஆகவே நான் "நிலுவைக் கடன்" என்றே எழுதுகிறேன், அகராதிக்காரர்கள் பொறுத்தருள்க.

மூன்று நிறுவனங்களுக்குமாக இந்நிலுவை சுமார் 27,200 கோடி ரூபாய் என்பது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கணக்கு. 2025 ஆகஸ்ட் 6 அன்று வந்த தீர்ப்பு, இப்போதுள்ள நிலுவைகளை 2024 ஏப்ரல் 1 முதல் கணக்கிட்டு அதிகபட்சம் ஏழாண்டுகளுக்குள் தீர்க்க வேண்டும் என்றது. நிலுவை எப்படிக் குவிந்தது என்று ஆணையங்கள் கடுமையாகத் தணிக்கை செய்யவும் அத்தீர்ப்பு பணித்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால், இந்தக் கணக்கைப் பொதுத் தணிக்கையாளர் பார்த்தாரா? 2014 ஜனவரியில் தில்லி அரசு சி.ஏ.ஜி. தணிக்கைக்கு உத்தரவிட்டது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2015 அக்டோபர் 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்து செய்தது. பாதிப் பங்கு மக்களுடையது. கணக்கைப் பார்க்கும் உரிமை மட்டும் மக்களுக்கு இல்லை. கருத்தரங்கில் இதைச் "சட்டச் சிக்கல்" என்று யாரும் பட்டியலிடுவதில்லை.

வசூல் முன்பே தொடங்கிவிட்டது. நிலுவைக்கென்று 8 விழுக்காடு கூடுதல் கட்டணம் 2012 முதல் தில்லியின் மின்கட்டணச் சீட்டில் ஏறியது. பழைய வாரியத் தொழிலாளரின் ஓய்வூதிய அறக்கட்டளைக்கென்று தனியாக இன்னொன்று: தொடக்கத்தில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு, 2021இல் 7. ஓய்வூதியம் தொழிலாளியின் உரிமை; அதில் இரு கருத்தில்லை. வாரியத்தின் கம்பியையும் வாடிக்கையாளரையும் எடுத்துக்கொண்டவர்கள், அந்தக் கம்பியை இழுத்துக் கட்டியவரின் முதுமையை மட்டும் நுகர்வோர் தலையில் வைத்தது எந்த நியாயம்? இன்று கம்பம் ஏறுவோரில் பெரும் பகுதியினர் ஒப்பந்தத் தொழிலாளர். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான எண்ணிக்கை வரம்பை 20இலிருந்து 50 ஆக உயர்த்தின. சிறு ஒப்பந்ததாரரின் ஆட்கள் வரம்புக்கு வெளியே நிற்பார்கள். ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பும் 100இலிருந்து 300 ஆகிவிட்டது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு இனி எல்லாத் தொழில்களுக்கும்.

போட்டிச் சட்டம் என்ன செய்தது? தில்லியின் மின்விநியோக நிறுவனங்கள் மீதான மீட்டர் புகார் 2009இல் போட்டி ஆணையத்தின் முன் சென்றது. 2011இல் மீறல் இல்லை என்று முடிந்தது. ஒரு தெருவுக்கு ஒரே விநியோகஸ்தர் இருக்கையில் நுகர்வோர் யாரிடம் மாறிப் போவார்? 2023 திருத்தத்துக்குப் பின், கார்ட்டல் நீங்கலாக, ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்திய வழக்குகளையும் சமரசத்தில் முடித்துக்கொள்ள வழி திறந்திருக்கிறது.

இத்தனைக்கும் மருந்தாக மோடி அரசு 2025 அக்டோபரில் மின்சாரத் திருத்த வரைவை வெளியிட்டது. ஒரே கம்பியில் பல உரிமதாரர்கள் விற்கலாமாம். அதற்குப் போட்டி என்று பெயர். கம்பி போட்டவர் பொதுத்துறை, பராமரிப்பவர் பொதுத்துறை. புதிதாக வருபவர் தேர்ந்தெடுப்பது வணிக வளாகத்தையும் ஆலையையும். ஒரு மெகாவாட்டுக்கு மேல் பயன்படுத்தும் நுகர்வோருக்கு மின்சாரம் வழங்கும் கடமையிலிருந்து விநியோக நிறுவனங்களுக்கு விலக்குத் தரலாம். ஆலைகளும் ரயில்வேயும் செலுத்திவரும் குறுக்கு மானியத்தை ஐந்தாண்டுகளில் ஒழிக்க வேண்டும். தஞ்சையின் பம்புசெட்டுக்கும் தமிழ்நாட்டு வீடுகளின் முதல் நூறு யூனிட்டுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு வரைவில் விடை தேடிப் பாருங்கள்.

ஒடிசாவில் ரிலையன்ஸ் நடத்திய மூன்று விநியோக நிறுவனங்களின் உரிமங்களை 2015இல் அம்மாநில ஆணையமே ரத்து செய்தது. அந்த அனுபவம் இருந்தும் 2025 பிப்ரவரி 1 அன்று சண்டிகர் தனியாரிடம் போனது. உத்தரப் பிரதேசத்தில் பூர்வாஞ்சல், தக்ஷிணாஞ்சல் நிறுவனங்களைக் கைமாற்றும் திட்டத்தை எதிர்த்து மின் ஊழியர்கள் தெருவில் நிற்கிறார்கள்.

தில்லியின் கணக்கு இன்னும் மூடிய ஏட்டில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் கேட்ட தணிக்கையை ஆணையம் பகிரங்கமாக நடத்தட்டும். 2002 ஜூலை முதலான கொள்முதல் ஒப்பந்தங்கள், உபகரண விலைகள், வட்டிக் கணக்கு அனைத்தும் மக்கள் முன் வைக்கப்படட்டும். அதற்கு முன்பு இந்த 27,200 கோடியில் ஒரு ரூபாயையும் கட்டணத்தில் ஏற்ற எவருக்கும் உரிமையில்லை.