பாராட்டுக்குரிய முதலாளி யார்?

தொழிலாளரின் நலத்தைப் பேணும் முதலாளிகளைப் பொது ஜனங்கள் பாராட்ட வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. நல்லதைக் கண்டு வாய் திறவாத சமூகம், தீயதைக் கண்டிக்கும் யோக்கியதையையும் இழந்துவிடும். ஆனால் பாராட்டுக்கு உரியவர் யார், அதைத் தீர்மானிக்க உரியவர் யார் என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே மாலையைக் கையில் எடுக்க வேண்டும்.

இப்பொழுது நடப்பது என்ன? வேலை செய்வதற்குச் சிறந்த ஸ்தாபனங்கள் என்று வருஷந்தோறும் பட்டியல்கள் வெளிவருகின்றன. விண்ணப்பிப்பது கம்பெனி, பல இடங்களில் கட்டணம் செலுத்துவதும் கம்பெனியே. ஊழியரிடம் அபிப்பிராயம் கேட்கும் அமைப்புகளும் உண்டு. ஆயினும் ஒப்பந்தக் கூலியாட்களையும், கூட்டிப் பெருக்குகிற பெண்களையும் கேட்டார்களா என்று விசாரிப்பார் அரிது.

சட்டம் கட்டளையிட்டதைச் செய்தவன் கடமையைச் செய்தவன்; அவ்வளவே. சட்டம் வருமுன் செய்தவனே பாராட்டுக்குரியவன். ஜாம்ஷெட்பூர் டாட்டா இரும்பாலையில் எட்டு மணி நேர வேலை 1912-இல் ஏற்பட்டது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பைத் தேச முழுவதற்கும் உறுதிப்படுத்திய தொழிற்சாலைச் சட்டம் 1948-இல்தான் பிறந்தது. அங்கே சேமநிதி 1920-இல் தொடங்கியது. அதற்கான பொதுச் சட்டம் 1952-இல் வந்தது. இது மெய்யான பெருமை. எனினும் அதே ஜாம்ஷெட்பூரில் 1920, 1922, 1928-ஆம் வருஷங்களில் வேலைநிறுத்தங்கள் நடந்தன என்பதையும் மறக்கலாகாது. நம் தூத்துக்குடியில், 1908-இல், வ. உ. சிதம்பரம் பிள்ளை முன்னின்று நடத்திய கோரல் மில் வேலைநிறுத்தம், கூலி உயர்வையும் ஞாயிறு ஓய்வையும் பெற்றுத் தந்தது. முதலாளியின் நன்மனம் வளர்வதற்கும் தொழிலாளியின் ஒற்றுமையே பெரும்பாலும் உரமாகிறது.

இனி நமது நாட்டுப்புறத்துக்கு வருவோம். நாமக்கல் ஜில்லா, ராசிபுரத்தை அடுத்த வெண்ணந்தூர், நெசவை நம்பி வாழும் ஊர். இத்தகைய ஊர்களில் தொழில் நடப்பது பெரிய ஆலைகளில் அன்று. வீட்டை ஒட்டிய சின்னஞ்சிறு விசைத்தறிக் கூடங்களில். 1948-ஆம் வருஷச் சட்டப்படி, மின்சக்தி கொண்டு 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20 ஆக்கிவிட்டது. நாலைந்து பேர் தறி ஓட்டும் கூடத்துக்கு முன்பும் அப்பெயர் இல்லை. பதினைந்து பேர் இருந்தாலும் இனி இல்லை. இன்ஸ்பெக்டர் எட்டிப் பாராத அவ்விடத்தை விருதுக் கமிட்டியா எட்டிப் பார்க்கப் போகிறது?

அங்குள்ள துன்பங்கள் ரகசியமானவை அல்ல. தறிகளின் இடைவிடாத ஓசை நாளடைவில் காதைச் செவிடாக்குகிறது. பஞ்சுத் தூசு மார்பை அடைக்கிறது. பல கூடங்களில் ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம் நீள்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் வட்டாரங்களில் "பாக்கி" என்று வழங்கும் முன்பணம் ஒன்று உண்டு. அதைத் தீர்க்கும் வரையில் தொழிலாளி வேறு தறிக்குப் போவது எளிதன்று. கொத்தடிமை முறை 1976-லேயே சட்டப்படி ஒழிந்தது. ஆனால் கடன் கயிறு அறவே அறுந்துவிடவில்லை.

சிறு தறிக்காரர்களை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமன்று. அவர்களில் பலர் பெரிய வியாபாரிக்குக் கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள்; நூல் விலையும் மார்க்கெட்டும் அவர்கள் கையில் இல்லை. ஆகையால் அவர்களுக்குக் கட்டுபடியாகும் கூலி கொடுத்து, அதில் ஒரு பங்கு தொழிலாளியைச் சேர்கிறதா என்று பார்க்கிற வியாபாரியும் பாராட்டுக்கு உரியவனே.

சர்க்காருக்கும் இதில் பொறுப்பு உண்டு. விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாக வழங்கும் மின்சாரத்தை 2023-இல் 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்தினார்கள். அது ஜனங்களின் பணம். அந்த உதவி பெறும் கூடத்தில் காற்றோட்டமும், காதுக் காப்பும், குடிநீரும், பெண்களுக்குக் கழிப்பிடமும் உண்டா என்று கேட்க ஜனங்களுக்குப் பாத்தியதை உண்டு. கேட்பதோடு நில்லாமல், இவற்றைச் செய்ய விரும்பும் ஏழைத் தறிக்காரருக்குச் சர்க்கார் கைகொடுக்கவும் வேண்டும்.

விருது வழங்குவதானால் அதற்கு நாம் சொல்லும் முறை இதுதான். ஷிப்டின் நீளம் என்ன, கூலி கணக்குப்படி உரிய நாளில் கிடைக்கிறதா, காயம் பட்டவனுக்குச் செலவு செய்தது யார், பாக்கி உள்ளவன் தடையின்றி விலகிப் போக முடிகிறதா என்ற நான்கையும், முதலாளி இல்லாத இடத்தில், தறி ஓட்டுகிறவரிடமே கேட்க வேண்டும். தேர்வுக் குழுவில் தொழிற்சங்கத்தாரும் பெண் தொழிலாளரும் அமர வேண்டும். நகரத்து மாளிகை மண்டபத்தில் அன்றி, அந்தந்த ஊரின் கடைவீதியில், அயலார் அனைவரும் அறிய விருதை வழங்க வேண்டும். அயல் கூடத்துக்காரன் அதைக் கண்டு வெட்கப்பட்டால், அதுவே விருதின் முதல் பலன்.

தொழிலாளர் நலத்தில் ஈடுபட்ட அன்பர்கள் இவ்வேலையை இன்றே தத்தம் ஊரில் தொடங்கலாம். தொழிலாளி சாட்சி சொல்லாத புகழ் முதலாளி தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் மாலை. அது மறுநாள் வாடிவிடும்.