பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்

1920-ல் கடையத்தில் இருந்தபடி பாரதி ஒரு பதிப்புத் திட்டம் தீட்டினார். தம் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது, ஆக மொத்தம் 4 லட்சம். அதற்கு வேண்டிய முதலைக் கடனாகக் கேட்டு, தமக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்துபோனார். 1949-ல் அரசு அவருடைய படைப்புகளின் உரிமையை வாங்கியது. சில ஆண்டுகளில் அவை எல்லோருக்கும் பொதுவாயின. அதன் பிறகு அச்சான பாரதி நூல்களை எண்ணினால், அந்த 4 லட்சம் எங்கோ பின்தங்கி நிற்கும். அவர் போட்ட கணக்கு சரிதான். அதைக் காணத்தான் அவர் இல்லை.

பாரதிக்குத் தன்மீது நம்பிக்கை குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. தமிழில் எழுதிய வேறெவருக்கும் அவ்வளவு இருந்ததா என்பதே சந்தேகம். அவருக்குக் கிடைக்காமல் போனது ஒரு வழி: எழுதுகிறவனின் பாயிலிருந்து வாசகரின் வீட்டுத் திண்ணை வரைக்கும் போகிற வழி. அவருக்குப் பின் வந்த சிலர் அதைத் தம் கால்களாலேயே போட்டார்கள். புதிதாக எழுத வருகிறவர்கள் “என்னை யார் படிக்கப் போகிறார்கள்?” என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பாரதிக்கு முன்பும் ஒருவர் அப்படி இருந்தார். உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டவர்களிடம் கையொப்பம் வாங்கினார். பதிப்பித்தவர் சைவச் சூழலில் வளர்ந்தவர், பதிப்பித்தது சமணக் காப்பியம். இதை யார் கேட்டார்கள் என்று முகத்துக்கு நேரே கேட்கக்கூடிய காலம் அது. கேட்காதவர்களிடமும் போய் நின்று, இந்த நூல் உங்களுக்கு வேண்டும் என்று சொல்லத்தான் அந்தக் கையொப்பத் தாளை அவர் கையில் வைத்திருந்தார்.

ஆனால் பழைய நூலுக்கு வாசகரைத் தேடுவது ஒருவகையில் எளிது. அதன் பெருமையைச் சொல்லப் பல நூற்றாண்டுகள் பின்னால் நிற்கின்றன. இதுவரை இல்லாத ஒன்றை எழுதுகிறவனுக்கு அந்தத் துணையும் கிடையாது.

1933-ல் கு. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் சேர்ந்து தொடங்கிய மணிக்கொடியை எடுத்துக்கொள்வோம். 1935-ல் பி.எஸ். ராமையா அதைச் சிறுகதைக்கென்றே ஒரு இதழாக மாற்றினார். புதுமைப்பித்தன், கு.ப.ரா., மௌனி என்று இன்று நாம் நிமிர்ந்து சொல்லும் பெயர்கள் அதில் எழுதின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இதழ் நின்றுபோயிற்று. அதே மணிக்கொடியில்தான் ந. பிச்சமூர்த்தி யாப்பை உதறிய கவிதைகளை எழுதிப் பார்த்தார். பண்டிதர்கள் அதைக் கவிதை என்றே ஒப்பவில்லை. நாற்பதுகளில் வேறு சில சிறு இதழ்களில் கொஞ்சம் எழுதினார். பிறகு கவிதையில் நீண்ட மௌனம். அவருடைய முதல் முயற்சிக்கும் அதைத் தொடர்ந்து எழுத ஒரு தலைமுறை எழுந்ததற்கும் இடையே ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்தத் தலைமுறைக்கு இடம் போட்டுக் கொடுத்தவர் சி.சு. செல்லப்பா. கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜம் ஐயரும் மணிக்கொடி ராமையாவும் பிறந்த அதே வத்தலக்குண்டுதான் இவருக்கும் ஊர். மணிக்கொடியில் கதை எழுதி வளர்ந்தவர். 1959 ஜனவரியில், 46 வயதில், எழுத்து என்ற மாத இதழைச் சென்னையில் தொடங்கினார். தொடர்கதையும் வண்ணப்படமும் நகைச்சுவைத் துணுக்கும் கொண்ட வார இதழ்கள் வீடுதோறும் போய்க்கொண்டிருந்த நேரம். செல்லப்பாவின் இதழில் இவை எதுவும் இல்லை. அட்டையிலேயே கட்டுரை ஆரம்பித்துவிடும். இலக்கிய விமர்சனமும் புதுக்கவிதையும்தான் அதன் சரக்கு, இரண்டுமே அன்றைக்கு விலைபோகாதவை.

அவர் நம்பியது தம் எழுத்தை மட்டும் என்றால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதே இல்லை. தம் காதை நம்பினார். ஒரு வரியைப் படித்ததும் இது புதிது, இது உண்மை என்று தமக்குள் ஒலித்தால், எழுதியவர் யார், வயது என்ன, ஊர் எது என்று பார்க்காமல் அச்சில் ஏற்றினார். திருகோணமலையிலிருந்து, இருபதைத் தாண்டியும் தாண்டாத தருமு சிவராமு கவிதை அனுப்பினார். பிரமிள் என்று நாம் பின்னால் அறிந்தவர் அவர்தான். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி பசுவய்யா என்ற பெயரில் எழுதினார். திருவனந்தபுரத்திலிருந்து நகுலன். வடக்கே அரசு வேலையில் இருந்த வெங்கட் சாமிநாதன் தமிழ்ப் பண்பாட்டின் வறட்சியைப் பற்றி ‘பாலையும் வாழையும்’ என்று ஒரு கட்டுரை எழுதியனுப்பினார். அவரை விமர்சகராகத் தமிழுக்கு அறிமுகம் செய்தது அது. சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன், தி.சோ. வேணுகோபாலன் என்று பட்டியல் நீள்கிறது. ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள் பலர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தபாலில் வந்த இதழில் படித்தார், பிறகு தானும் எழுதினார். இதழுக்குச் சில நூறு சந்தாதாரர்களே இருந்தாலும், அவர்களில் எத்தனை பேர் பேனாவை எடுத்தார்கள் என்பதுதான் கணக்கு. 1962-ல் அந்தக் கவிதைகளிலிருந்து தேர்ந்தெடுத்துப் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பைச் செல்லப்பாவே வெளியிட்டார். தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றை எழுதுகிற எவரும் அந்தச் சிறு நூலைத் தாண்டிப் போக முடியாது.

வாசகர் தம்மைத் தேடி வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவும் இல்லை. எழுத்து பிரசுர நூல்களைப் பைகளில் அடைத்துத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். தமிழ்த்துறை ஆசிரியர்களைப் பார்த்தார், மாணவர்களிடம் பேசினார், புத்தகத்தை விற்றார். கதர் வேட்டி கட்டிய, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற ஒரு மூத்த எழுத்தாளர் தன் புத்தகத்தைத் தானே சுமந்து வந்து விற்கிறார் என்பதைப் பார்த்துச் சங்கடப்பட்டவர்கள் உண்டு. அவருக்குச் சங்கடம் இல்லை. அவர் சுமந்தவற்றில் ‘வாடிவாசல்’ என்ற குறுநாவலும் ஒன்று. 1959-ல் வந்த அந்த மெல்லிய நூல் இன்று பல பதிப்புகள் கண்டு, ஆங்கிலத்திலும் படிக்கப்படுகிறது.

எழுத்து 1970-ல் நின்றது. மொத்தம் 119 இதழ்கள்.

கடலுக்கு அப்பால் இதே காரியத்தை இன்னும் கடினமான இடத்திலிருந்து செய்தவர் டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவர். சாதி இழிவைச் சகிக்க முடியாமல் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூன்தான் அவருடைய தொழிற்கூடமும் நூலகமும். தலைமறைவாக யாழ்ப்பாணம் வந்திருந்த பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தைச் சந்தித்த பின், அவர் மேல் கொண்ட மதிப்பால் ஜீவா என்ற பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற அவருடைய கதைத் தொகுப்பு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. பரிசு வாங்கிய பிறகும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

1966 ஆகஸ்டில் அவர் தொடங்கிய மல்லிகையின் முதல் இதழ் வந்தது. அன்றைய ஈழத்துக் கடைகளில் தமிழ்நாட்டு வார இதழ்கள்தான் குவிந்து கிடந்தன. ஈழத்துக் கதைகளுக்கு அடிக்குறிப்பு போட்டால்தான் புரியும் என்று இங்கிருந்து சிலர் சொல்லிய காலமும் அதுதான். அந்தப் பேச்சில் இருந்த பெரியண்ணன் தோரணையைத் தமிழ்நாட்டுக்காரனாகிய நான் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். ஜீவாவும் அவர் தோழர்களும் அதற்குக் கொடுத்த பதில் எளிமையானது: அடிக்குறிப்பு தேவைப்படாதவர்களுக்காக எழுதினார்கள். தோட்டத் தொழிலாளியும் கடற்கரை மீனவரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் தங்கள் பேச்சிலேயே கதையில் பேசினார்கள். ஒரு எழுத்தாளர் தமக்கான வாசகரைக் கண்டடைவது என்றால் எனக்கு அந்த அடிக்குறிப்பைக் கைவிட்ட கணம்தான் முதலில் தோன்றுகிறது. நம்மை ஏற்கெனவே தெரிந்த ஒருவரோடு பேசுகிற குரல் வேறு, தெரியாதவரிடம் விளக்கம் சொல்லும் குரல் வேறு. முதல் குரலில் எழுதியவற்றைத்தான் பின்னால் தெரியாதவர்களும் தேடிப் படிக்கிறார்கள்.

ஜீவாவும் இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து விற்றார். தம் இதழின் அட்டையில் பிற எழுத்தாளர்கள், கலைஞர்கள், ஆய்வாளர்கள் படங்களைப் போட்டு, உள்ளே அவர்களைப் பற்றி எழுத வைத்தார். பல பேருக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் மரியாதை அந்த அட்டையாக இருந்திருக்கும். போர் வந்தது, இடப்பெயர்வு வந்தது, அவர் கொழும்புக்குப் போனார். மல்லிகை அங்கிருந்தும் வந்தது. 2012 வரை 400-க்கும் மேற்பட்ட இதழ்கள். 2021 ஜனவரியில், 93 வயதில், ஜீவா மறைந்தார்.

இவர்களைப் போற்றிவிட்டு, நம்பிக்கை இருந்தால் எல்லாம் நடக்கும் என்று சொல்ல நான் வரவில்லை. மூன்றாவது இதழோடு நின்று, ஆசிரியரின் கடனை மட்டும் மிச்சம் வைத்துப்போன இதழ்கள் தமிழில் ஏராளம். அவற்றை நடத்தியவர்களுக்கும் நம்பிக்கை இருந்தது. செல்லப்பாவும் பொருளாக எதையும் சேர்க்கவில்லை. அவர் தம் பொறுப்பிலேயே வெளியிட்ட ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு 2001-ல் சாகித்ய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது, அவர் இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அவரோடு கருத்து வேறுபட்டவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரான க.நா.சு. 1963-ல் இலக்கிய வட்டம் என்று தனி இதழ் கண்டார். சேலத்திலிருந்து சி. மணி நடத்திய நடை 8 இதழ்களோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்த எட்டு இதழ்களுக்குள் ந. முத்துசாமியின் ‘காலம் காலமாக’ நாடகம் வந்தது. அதை எழுதியவர்தான் பின்னாளில் கூத்துப்பட்டறையைத் தொடங்கித் தமிழ் நவீன நாடகத்துக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். எனவே ஒரு சிறு முயற்சி தோற்றதா ஜெயித்ததா என்பதை அது நின்ற ஆண்டை வைத்து முடிவுகட்டக் கூடாது.

இன்று எழுதியதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது ஒரு மணி நேரத்துக்குள் கைப்பேசியில் தெரிந்துவிடுகிறது. எண் சிறிதாக இருந்தால் மனம் சுருங்கிவிடுகிறது. எழுதுகிறவர் அடுத்த முறை எண்ணைப் பெருக்கும் விஷயத்தைத் தேடுகிறார். மெல்ல மெல்ல அவருடைய குரல் மற்ற எல்லோருடைய குரலாகவும் ஆகிவிடுகிறது. கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். செல்லப்பாவின் சந்தா ஏட்டில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகவரி இருந்தது. ஜீவாவிடம் இதழ் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அவர் முகம் தெரியும். அந்த அறிமுகம்தான் மாதாமாதம் அவர்களை எழுத வைத்தது. பேரெண்ணிக்கை அந்த வேலையைச் செய்திருக்காது.

எழுதுகிறவர்களிடம் சொல்வதைவிட, படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எழுதுகிறவரின் நம்பிக்கையில் பாதி நம் கையில் இருக்கிறது. இந்த ஆண்டு ஒரே ஒரு சிற்றிதழுக்காவது ஓராண்டுச் சந்தா கட்டுங்கள். புதிதாக எழுதும் ஒருவருடைய கதையோ கட்டுரையோ பிடித்திருந்தால், எந்த வரி பிடித்தது என்று குறிப்பிட்டு, உங்கள் பெயரும் ஊரும் போட்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.