தொட்டிக்கு முன்னால் உட்காரத் தெரிந்தவர்கள்

நம் புகைப்படச் சங்கங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வரிசை இருக்கிறது. முதுமலைப் புலிக்கு முதலிடம். பள்ளிக்கரணைப் பூநாரைக்கு அடுத்த இடம். வீட்டுப் பூனை, நாய், மீன்தொட்டி எல்லாம் கடைசியில். புது மேக்ரோ லென்ஸ் வாங்கியவர் காட்டுக்குப் போகும் முன் கைபழகிக்கொள்ள ஏதோ ஒன்று, அவ்வளவுதான். போட்டி விதிகளும் இந்த எண்ணத்துக்குத் துணை நிற்கின்றன. எஃப்.ஐ.ஏ.பி., பி.எஸ்.ஏ., ஆர்.பி.எஸ். ஆகிய புகைப்பட அமைப்புகள் மூன்றும் பொதுவாக ஏற்றுக்கொண்ட வரையறைப்படி வீட்டு விலங்குகளின் படங்களுக்கு இயற்கைப் பிரிவில் இடமில்லை. அடைத்து வளர்க்கப்படும் உயிர்களுக்கு வைல்ட்லைஃப் தகுதி கிடையாது. விதி சரியானதே. காட்டில் நாள்கணக்கில் காத்திருந்து எடுத்த படத்தையும் கூடத்தில் எடுத்த படத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் 'இந்தப் பிரிவில் சேராது' என்று விதி சொன்னதை 'இதற்கு மதிப்பில்லை' என்று நாம் வாசித்துவிட்டோம். இந்த இதழின் பக்கங்களில் அந்த வாசிப்பை மாற்ற விரும்புகிறோம்.

மயிலாப்பூரில், இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று அழைக்கப்படும் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வாழ்ந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). யானைகளைக் கருப்பு வெள்ளையில் படம்பிடித்தவராகத்தான் அவரைப் பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை அவர் எழுதிவந்த பத்தியைப் புரட்டினால் வேறொரு கிருஷ்ணன் தெரிவார். காக்கை, அணில், பல்லி, வீட்டுப் புறா, ஆடு, தெருநாய் என்று வாசலைத் தாண்டாமலே பார்க்கக் கிடைக்கும் உயிர்களுக்கு அவர் காட்டிய கவனம், யானைக்குக் காட்டிய கவனத்தைவிடக் குறைந்ததில்லை. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிய கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். கருவி அவருக்குப் பொருட்டாகவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தன் தேவை என்னவென்று அறிந்து அதற்கேற்பச் செய்துகொண்டவர் அவர். ஒரு விலங்கு என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்பதைப் படத்தோடு எழுதியும் வைத்தார். வீட்டு உயிர்களைப் படமெடுக்கும் நம்மில் பலரிடம் இந்த எழுதிவைக்கும் பழக்கம்தான் இல்லை.

மீனுக்கு வருவோம். கண்ணாடிக்கு அப்பால் நீந்தும் மீனை நின்று பார்ப்பது இந்த நகரத்துக்குப் பழைய வழக்கம். மெரினாவில் 1909இல் திறக்கப்பட்ட மீன் காட்சியகம் இரண்டாம் உலகப் போரின்போது மூடப்படும்வரை கூட்டத்தை ஈர்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் முன்னால், சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஃபிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக 'இந்திய மீன்கள்' நூலை வெளியிட்டார். அதன் சித்திரங்கள் இன்றும் மீனியலாளர்களின் மேசையில் இருக்கின்றன. ஆனால் இறந்த மீன் சிறிது நேரத்திலேயே நிறம் இழந்துவிடும்; பாடம் செய்த மாதிரியில் உயிர்நிறம் இருக்காது. அந்தச் சித்திரங்கள் காட்ட முடியாததை இன்று அடையாறிலோ தி. நகரிலோ ஓர் அடுக்ககத்தின் வரவேற்பறையில் இரண்டடித் தொட்டி வைத்திருப்பவர் காட்ட முடியும்.

ஆரஞ்சு குரோமைட் என்று கடைகளில் விற்கப்படும் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடலோரக் கழிமுகங்களுக்கும் உப்பங்கழிகளுக்கும் உரிய உள்ளூர் மீன் அது. தாயும் தந்தையும் சேர்ந்து முட்டையைக் காக்கும். பொரித்த குஞ்சுகள் பெற்றோரின் உடலை உரசி, மேலே சுரக்கும் வழுவழுப்பைக் கொத்தித் தின்னும். வீட்டுத் தொட்டியில் நடக்கும் இந்தக் காட்சியை முட்டையிட்ட நாளிலிருந்து தேதிவாரியாக எடுத்த படத்தொடர் ஒன்று வந்தால், எந்தப் புலிப் படத்தையும் தள்ளிவைத்துவிட்டு அதற்கு இந்த இதழின் நடுப்பக்கத்தைத் தருவோம். ஃபைட்டர் ஆண்மீன் நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டி, கீழே நழுவும் முட்டைகளை வாயால் பொறுக்கி மறுபடி கூட்டில் ஒட்டுவதும் அப்படித்தான். நமக்கு வருவதோ, கருப்புப் பின்னணியில் துடுப்பை விரித்து நிற்கும் ஃபைட்டர், மறுபடி அதே ஃபைட்டர். பாங்காக்கின் விசாருத் அங்கதவனிச் அந்த மீனைப் பட்டுத்துணி பறப்பதுபோல் எடுத்து உலகப் புகழ் பெற்றார். அவர் கண்டெடுத்த வழியில் எல்லோரும் நடக்கிறார்கள். அழகான வழிதான். ஆனால் அவருடையது.

தொட்டிப் படத்தில் பெரும்பங்கு வேலை ஷட்டரைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும். தென்சென்னையில் பல வீடுகளின் போர் தண்ணீர் கடினமானது. நீர்மட்டத்தை ஒட்டிக் கண்ணாடியில் வெள்ளை உப்பு படியும். வெளிச்சம் பட்டதும் அது பனித்திரையாகத் தெரியும். நீர்மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். வினிகர் நீரில் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோ தண்ணீரில் குளோரின் உண்டு. அதை நீக்காமல் ஊற்றினால் மீனின் செவுள் வெந்துபோகும். தண்ணீர் மாற்றிய அன்றே படமெடுக்காதீர்கள். புது நீரில் கரைந்திருக்கும் காற்று நுண்குமிழ்களாகக் கண்ணாடியிலும் இலைகளிலும் மீனின் துடுப்பிலும்கூட ஒட்டிக்கொள்ளும். மறுநாள் தண்ணீர் தெளிந்திருக்கும், மீனும் அடங்கியிருக்கும்.

லென்ஸைக் கண்ணாடிக்கு நேராக வையுங்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, இருபது சென்டிமீட்டர் உள்ளே நிற்கும் மீன் பதினைந்தில் நிற்பதாகத் தெரியும். இது ஃபோகஸுக்குக் கெடுதல் செய்யாது. சாய்த்து எடுத்தால்தான் செதில் ஓரங்களில் நிறம் பிரிந்து, கூர்மை கரைந்துவிடும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் இதற்குத் தப்பாது. ரப்பர் ஹூடைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தால் அறையின் பிரதிபலிப்பும் நின்றுவிடும். ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தொட்டியின் கண்ணாடி மூடிமேல் கீழ்நோக்கி வையுங்கள். ஆற்றில் மீனுக்கு வெளிச்சம் வருவது மேலிருந்துதான். எஃப் 8 அல்லது எஃப் 11, ஷட்டர் 1/200 என்று தொடங்கலாம். தொட்டியின் எல்.இ.டி. விளக்கை மட்டும் நம்பி எடுப்பவர்கள் படத்தில் குறுக்குக் கோடுகள் விழுவதாக எழுதுகிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாறி, 1/100க்கு மேல் போகாமல் எடுத்தால் பெரும்பாலும் கோடு போய்விடும்.

கத்திரி வெயிலில் சிறிய தொட்டிக்கு மேல் தொடர்விளக்குகளை ஏற்றி மணிக்கணக்கில் வேலை செய்யாதீர்கள். நீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். முதலில் தவிப்பது தங்கமீன். மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடும் மீனைப் பார்த்து 'நல்ல போஸ்' என்று நினைப்பவர் இன்னும் மீன் வளர்க்கத் தொடங்கவில்லை.

ஆசிரியர் குழுவுக்கு மிகுந்த வருத்தம் தருவது, நல்ல படத்துக்காக உயிரை வருத்தும் முறைகள் சங்கங்களில் குறிப்புகளாகக் கைமாறுவதுதான். மீனை மந்தமாக்க ஐஸ் கட்டி போடுவது. இரண்டு விரல் அகலப் படத்தொட்டியில் நாள்முழுக்க அடைத்துவைப்பது. ஃபைட்டர் சிலிர்க்க வேண்டும் என்று மணிக்கணக்கில் கண்ணாடி காட்டுவது. தன் பிம்பத்தை எதிரி என்றே நம்பி அந்த மீன் சண்டைக்கு நிற்கிறது. எதிரி பின்வாங்குவதே இல்லை. ஓரிரு நிமிடம் காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள், அன்றைக்கு அது போதும். மீனுக்கு இமை இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். இருட்டறையில் திடீரென ஃப்ளாஷ் அடித்தால் அது மிரண்டு கண்ணாடியில் மோதும். அரைமணி முன்பே அறை விளக்கைப் போட்டுவையுங்கள்.

நாய், பூனைக்கு இந்த இதழில் இடம் குறைவு. ஒன்று மட்டும். ராஜபாளையம் போன்ற வெள்ளை நாயை வெயிலில் எடுக்கும்போது கேமராவின் மீட்டர் ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும். கருப்பு நாயைத் தேவைக்கு மேல் வெளுக்க வைக்கும். முன்னதற்கு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றுங்கள், பின்னதற்கு இறக்குங்கள். தரையில் படுத்து அதன் கண்மட்டத்தில் எடுங்கள். கண்ணாடிக்குப் பின்னாலுள்ள ஊர்வனவற்றில் கைபழக விரும்புபவர்களுக்கு 1972 முதல் கிண்டியில் இருக்கும் பாம்புப் பண்ணையைவிட அருகில் வேறு பள்ளி இல்லை.

சட்டமும் நம் வேலையில் ஒரு பகுதி. கூண்டுப் பச்சைக்கிளி, தோட்டத்து நட்சத்திர ஆமை ஆகியவற்றின் படங்கள் 'எங்கள் வீட்டுச் செல்லம்' என்ற குறிப்போடு வருகின்றன. இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் உள்ளவை. வீட்டில் வளர்ப்பது குற்றம். படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவற்றை வெளியிட மாட்டோம். ஆசிய அரோவானா, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட படங்களோடு, பதிவு செய்திருப்பதை உறுதிசெய்யும் ஒரு வரியையும் சேர்த்து அனுப்புங்கள்.

அடுத்த இதழிலிருந்து வீட்டு உயிர்களுக்குத் தனிப்பகுதி தொடங்குகிறோம். படத்தோடு கேமரா விவரம் அனுப்பினால் மட்டும் போதாது. மீனானால் இனத்தின் பெயர், தொட்டியின் கொள்ளளவு, எங்கிருந்து வந்தது, உங்களிடம் எவ்வளவு காலமாக இருக்கிறது, படத்துக்காக வேறு தொட்டிக்கு மாற்றினீர்களா, மாற்றினால் எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். படத்தில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். கொளத்தூரில் வாங்கிய பத்து ரூபாய் கப்பியாக இருந்தாலும் சரி. நடுவர்கள் படத்தைப் பார்க்கும் முன் அந்த வரிகளைத்தான் படிப்பார்கள்.