ஒரு சிலிண்டர் பழுதுக்கு முழு இன்ஜின் வேலை தேவையா?

கேள்வி: எங்களிடம் 3 சிலிண்டர் கொண்ட பழைய டிராக்டர் இருக்கிறது. கொஞ்ச நாளாகப் புகை அதிகம், இழுவை குறைவு. ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததில், நடு சிலிண்டர் லைனரில் மட்டும் ஆழமாகக் கோடு விழுந்திருக்கிறது. மூன்றையும் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். கையில் அவ்வளவு பணமில்லை, சம்பா உழவும் நெருங்குகிறது. அந்த ஒன்றை மட்டும் சரிசெய்தால் போதுமா?

- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: போதும். ஆனால், அது ஏன் கெட்டது, மற்ற இரண்டும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொண்ட பிறகுதான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தால், காரணமும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். நாசில் சரியாகத் தூவாமல் டீசலை ஒழுகவிட்டால், லைனர் சுவரில் உள்ள ஆயிலை டீசல் கழுவிவிடும். பிஸ்டன் காய்ந்த சுவரில் உரசும். ரிங் உடைந்தாலும், பிஸ்டன் பின் லாக் கழன்றாலும் கோடு விழும். காரணத்தை விட்டுவிட்டு லைனரை மட்டும் மாற்றினால், புதியதும் அதே கதிதான். எனவே, 3 நாசில்களையும் பம்ப் கடையில் சோதித்து வாங்குங்கள். அந்த கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, மற்ற இரண்டு சிலிண்டர்களையும் போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். மேல், நடு, அடி என 3 இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து, கம்பெனி கொடுத்துள்ள தேய்மான அளவோடு ஒப்பிட வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது. ஏர் கிளீனர் வழியாகத் தூசி போயிருந்தால் மூன்றுமே தேய்ந்திருக்கும். அப்போது ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் செலவு. உரசலில் வந்த இரும்புத் துகள் ஆயிலில் கலந்திருக்கும் என்பதால், சம்ப்பைக் கழற்றிக் கழுவி, பேரிங்குகளையும் பார்க்க வேண்டும். கிராங்கில் கோடு விழுந்திருந்தால் இன்ஜினை இறக்கத்தான் வேண்டும்.

இவை நன்றாக இருந்தால், வேலை லைனரின் வகையைப் பொறுத்தது. லைனரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் 'வெட் லைனர்' என்றால், இன்ஜினை இறக்காமலே அந்த ஒரு லைனர், பிஸ்டன், ரிங் செட்டை மாற்றலாம். கழற்றிய லைனரின் வெளிப்புறத்தில் அரித்த குழிகள் இருந்தால் மற்ற லைனர்களிலும் இருக்கலாம். அவற்றையும் கழற்றிப் பாருங்கள். 'டிரை லைனர்' என்றால் லேத் பட்டறை வேலை தேவைப்படலாம். பிளாக்கிலேயே போர் செய்த இன்ஜினில், ஒன்றை மட்டும் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடாதீர்கள். எடை மாறி அதிர்வு வரலாம். ஸ்லீவ் இறக்கி, மற்ற இரண்டின் அளவுக்கே கொண்டுவருவது நல்லது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை:

• புதிய பிஸ்டனின் எடை, பழைய பிஸ்டன்களோடு ஒத்துப்போக வேண்டும்.
• லைனர் பிளாக்குக்கு மேல் நிற்கும் உயரம் கம்பெனி அளவில் இருக்க வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.
• வெட் லைனரின் ஓ-ரிங்குகள் புதியதாக இருக்கட்டும். சம்ப்பை மூடும் முன் தண்ணீர் நிரப்பி, கசிவு பாருங்கள்.
• ஹெட் போல்ட்டுகளை டார்க் ரென்ச் வைத்து, வரிசைப்படி முடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் உடனே சேற்றுழவுக்கு இறக்காதீர்கள். முதல் 50 மணி நேரம் மிதமான சுமையில் ஓட்டி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அதற்குள் உழவு வந்துவிட்டால், வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம்.

மெக்கானிக்கிடம் அளவுகளைத் தாளில் எழுதி வாங்குங்கள். அதைப் பார்த்து ஒன்றா, மூன்றா என்று முடிவு செய்யுங்கள்.