கிணற்றுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

மாதனூர், ஆம்பூர் வட்டாரக் கிராமங்களில் பல வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. குழாய்த் தண்ணீர் குடிக்க, சமைக்க. போர் தண்ணீர் துணி துவைக்க, பாத்திரம் கழுவ, மாட்டுக்குக் காட்ட, வயலுக்குப் பாய்ச்ச. மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் இந்தப் பிரிவினை இன்னும் உறுதியாகிவிட்டது. பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு காவிரிக்காகக் குடத்தோடு காத்திருப்பது யாருக்கும் வியப்பாகத் தெரிவதில்லை. குழாய் வந்துவிட்டது, இனி கிணறு எப்படிப் போனால் என்ன என்ற எண்ணமும் வளர்ந்துவருகிறது. விவசாயிக்கு இது ஆபத்தான எண்ணம்.

கிணறு கெட்ட கதை இங்கு எல்லோருக்கும் தெரியும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைக்கிறார்கள். தொழிற்சாலையில் முதல் வேலையே அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவதுதான். பிறகு சுண்ணாம்பு, சல்ஃபைடு, குரோமியம். ஒரு கிலோ தோல் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. பொது சுத்திகரிப்பு நிலையங்களில் அழுகும் கழிவு குறையும். ஆனால் கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது. அதைப் பிரிக்கச் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கருவியும் வேண்டும். அவை வருவதற்கு முன் பல பத்தாண்டுகள் வெளியேறிய உப்பு மண்ணிலும் நிலத்தடியிலும் தங்கிவிட்டது.

அந்த உப்பை முதலில் கண்டுபிடிப்பது ஆய்வகம் அல்ல, அடுப்படிதான். பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. பாத்திரத்தில் வெள்ளை படியும். வயலில் விதை முளைப்பு குறையும், இலை நுனி கருகும், தண்ணீர் இறங்காமல் மண் இறுகும். கொதிக்கவைத்தால் கிருமி சாகுமே தவிர உப்பு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பின் அடர்த்தி கூடவே செய்யும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை நாட்டுக்கே சட்டமானது நம் பாலாற்றால்தான். தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்துவிட்டது என்ற ஆய்வு விவரம் அந்தத் தீர்ப்பில் உள்ளது. அதன்பின் அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம் 2001-ல் 29,193 பேருக்கு, 15,164 ஹெக்டேர் நிலத்துக்கு, சுமார் 26.82 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒருவருக்கு 9,200 ரூபாய்கூட இல்லை. ஏக்கருக்குச் சுமார் 7,200 ரூபாய். அந்தக் கணக்கும் 1998 டிசம்பர் வரையிலான இழப்புக்குத்தான்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றைச் சீரமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் குழு வந்து "உங்கள் கிணறு எந்த ஆண்டிலிருந்து, எவ்வளவு கெட்டது?" என்று கேட்டால் எத்தனை விவசாயிகளிடம் காகிதம் இருக்கிறது? பட்டா இருக்கிறது, சிட்டா இருக்கிறது, கிணற்றுக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, சித்திரை வெயிலில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒன்று என்று தண்ணீரைப் பரிசோதிக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும். சர்வே எண், கிணற்றின் ஆழம், தேதி எழுதி ஒட்ட வேண்டும். பாசனத் தண்ணீருக்கு வேளாண் துறையின் மண், நீர்ப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். குடிக்கும் தண்ணீர் என்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம். குரோமியத்தையும் பார்க்கும்படி தனியாகக் கேளுங்கள். சாதாரணப் பாசனநீர்ப் பரிசோதனையில் அது வராது.

முடிவைப் படிப்பதும் கடினமல்ல. மொத்தக் கரைதிடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாசனத்தில் மின்கடத்தும் திறன் 2.25-க்கு மேல் போனால் மிக அதிக உவர். அத்தகைய நிலத்தில் வடிகால், தக்கைப்பூண்டு, உவரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள் ஆகியவை பற்றி யோசிக்கலாம். சோடியம் மிகுந்திருந்தால் மட்டுமே ஜிப்சம். பரிசோதனை இல்லாமல் கொட்டினால் பணம்தான் வீண்.

வேளாண் உதவி அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குப் பத்துக் கிணறுகளைத் தேர்ந்து, முடிவுகளை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் உறுதிமொழியோடு நிறுத்தாமல் அந்த எண்களைப் படித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள்.

இது தோல் தொழிலுக்கு எதிரான பேச்சு அல்ல. காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறும் பெண்கள் பலரும் இதே கிணற்றுக்காரர்களின் வீட்டினர்தான். ஒழுங்காகச் சுத்திகரிக்கும் ஆலைக்கும் கிணற்றுக் கணக்கு சாட்சியாகும். இரவில் திறந்துவிடுபவருக்குத்தான் அது சங்கடம்.

2021 நவம்பரில் மாதனூர் தரைப்பாலத்தையே அடித்துச் செல்லும் அளவுக்குப் பாலாறு வந்தது. அப்படிப்பட்ட வெள்ளம் நிலத்தடிக்குள் இறங்கும்போது உப்பு எவ்வளவு குறைகிறது, எத்தனை மாதத்தில் திரும்புகிறது என்பது தெரிந்தால்தான் தடுப்பணை எங்கே வேண்டும், எந்த ஏரியை முதலில் தூர்வார வேண்டும் என்று கேட்க முடியும். அடுத்த வெள்ளம் வருவதற்குள் நம் கையில் கணக்கு இருக்க வேண்டும்.