பந்தின் பின்னே ஓடும் பிள்ளைகள்

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து மதரஸாப் பிள்ளைகள் கலைந்து சென்ற வேளையில், சகோதரர் ஒருவர் தம் மகனுடன் வந்து நின்றார். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பணிபுரிபவர். அவருடைய துணைவியார் வீட்டிலிருந்தபடியே பட்டாசுப் பெட்டிகளுக்குக் காகிதம் ஒட்டிக் கொடுப்பவர். பையனுக்குப் பதின்மூன்று வயது. மாலையானால் அவனைக் கரிசல் திடலில் பந்தும் காலுமாகத்தான் காணலாம்.

"ஹஜ்ரத், இவனைக் கால்பந்து அகாடமியில் சேர்க்கலாமென்று வெளியூர்க்காரர் ஒருவர் சொல்கிறார். முதலில் 25,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். இரண்டே வருடத்தில் வெளிநாட்டுக் கிளப்பில் இடம் வாங்கித் தருவாராம். வீட்டிலுள்ள நகையை அடகு வைத்துவிடலாமா என்று யோசிக்கிறோம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

வரலாறு படித்துப் பட்டம் பெற்ற எனக்குப் பந்தாட்டத்தில் அனுபவம் ஏதுமில்லை. ஆயினும் கேட்டது ஒரு பிள்ளையின் எதிர்காலம். ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு, விவரம் தெரிந்தவர்களை விசாரித்தும் படித்தும் அறிந்துகொண்டேன். அவற்றை இம்மாதம் வாசகச் சகோதர சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்வது பயன் தருமென்று எண்ணுகிறேன்.

தொழில்முறைக் கால்பந்துக் கழகம் ஒவ்வொன்றுக்கும் நாம் தொலைக்காட்சியில் காணும் முதல் அணியின் பின்னால் வேறு சில அணிகள் உண்டு. 13, 15, 17 என வயது வாரியாகச் சிறுவர்களைத் திரட்டிப் பயிற்றுவிப்பார்கள். அவர்களுள் தேறியவர் இரண்டாம் அணிக்குச் செல்வர். அதிலும் தேறியவருக்கே முதல் அணியின் கதவு திறக்கும். இந்தப் படிக்கட்டு முழுவதற்கும் அகாடமி என்று பெயர். விலை கொடுத்து ஆட்டக்காரரை வாங்குவதைவிட வளர்த்தெடுப்பது கழகத்திற்கு இலாபம். வளர்ந்த பிள்ளையை வேறு நாட்டுக் கழகத்திற்கு விற்றாலோ, அந்தத் தொகையில் 5 விழுக்காட்டை அவனுக்கு 12 வயது முதல் 23 வயது வரை பயிற்சியளித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டுமென்பது உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதி.

இதில் புகழ் பெற்றது ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா கழகம். 1702இல் கட்டப்பட்ட பழைய பண்ணை வீடொன்றை 1979இல் வெளியூர்ச் சிறுவர்கள் தங்கிப் பயிலும் விடுதியாக்கினார்கள். 'லா மாசியா' எனப்படும் அந்த அமைப்பில் வளர்ந்த பதினொருவரே 2012 நவம்பரில் ஒரு போட்டியில் ஒரே நேரத்தில் களத்தில் நின்றார்கள். ஏழு வயதில் அங்கே சேர்ந்தவர்தாம் மொராக்கோ நாட்டுத் தந்தைக்குப் பிறந்த லாமின் யமால். 2024இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்த நாட்களிலும் பள்ளிப் பாடங்களை உடன் கொண்டு சென்று படித்து, அவ்வாண்டுத் தேர்விலும் தேறினார் என்பது நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி.

நம் நாட்டில் ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் 1987இல் தொடங்கிய அகாடமி முன்னோடி. ரெனடி சிங், மகேஷ் காவ்லி, சுப்ரதா பால் போன்ற இந்திய ஆட்டக்காரர்கள் அங்கே உருவானவர்கள். 2013இல் தோன்றிய பெங்களூரு எஃப்.சி. கழகமும் இளையோர் அணிகளையும் தங்கிப் பயிலும் அகாடமியையும் ஏற்படுத்தியது. அதன் இரண்டாம் அணியில் ஆடி மேலே வந்தவர் நமக்கு அண்டையிலுள்ள சிவகங்கை மாவட்டத்தின் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன். 2022 செப்டம்பரில் கொல்கத்தாவில் நடைபெற்ற டூரண்ட் கோப்பை இறுதிப் போட்டியில் முதல் கோலை அடித்தவர் அவரே. 2022-23ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் போட்டிகளில் வளர்ந்துவரும் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. தென்மாவட்டத்துச் சிற்றூரிலிருந்தும் அந்தப் படிக்கட்டில் ஏற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் ஏறியவர்களின் பெயர் மட்டுமே நம் காதில் விழுகிறது. பாதியில் இறக்கிவிடப்பட்டவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு வயதுப் படியிலும் பலர் கழிக்கப்படுகிறார்கள். முதல் அணி வரை செல்பவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. சென்றவர்களுக்கும் நிலையான உறுதியில்லை. 2025 ஆகஸ்டில், லீக் போட்டிகள் நடைபெறுமா என்ற குழப்பத்தினால் பெங்களூரு கழகம் தன் முதல் அணியினரின் ஊதியத்தையே நிறுத்தி வைத்தது. சென்னையின் எஃப்.சி. கழகமும் தன் செயல்பாடுகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அந்த நெருக்கடியிலும் இளையோர் அணிகளின் பணி தொடரும் என்று பெங்களூரு கழகம் அறிவித்ததை நாம் பாராட்டவே வேண்டும்.

ஆகவே ஓர் அகாடமியின் தரத்தை, அது எத்தனை நட்சத்திரங்களை உருவாக்கியது என்பதைக்கொண்டு மட்டும் அளக்கக் கூடாது. தேறாத பிள்ளையை எந்த நிலையில் பெற்றோரிடம் திருப்பி அனுப்புகிறது என்பதே சரியான அளவுகோல். இங்கிலாந்தின் கிரிஸ்டல் பேலஸ் கழகம், தான் விடுவிக்கும் இளைஞர்களுக்கு மூன்றாண்டுக் காலம் வழிகாட்டி உதவும் திட்டமொன்றை 2022இல் அறிவித்தது. அமானிதம் என்ற சொல்லின் பொருள் அறிந்த நமக்கு இதன் அருமை விளங்கும். ஒப்படைக்கப்பட்ட பொருள், உரியவரிடம் குறைவின்றித் திரும்ப வேண்டும் அல்லவா?

பிள்ளைகளின் உழைப்பைப் பிறர் தம் இலாபக் கணக்கில் எழுதிக்கொண்டால் என்ன நேரும் என்பதை நம் மாவட்டத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தீப்பெட்டி ஆலைகளில் பாழான பிள்ளைப் பருவங்களைப் பார்த்த மண் இது. சிவகாசிச் சிறுவர்களைப் பற்றிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று, சட்டத்தை மீறிப் பணிக்கு வைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. அன்று மருந்துக் குச்சி அடுக்கிய கைகளைப் பள்ளிக்கு மீட்டு வந்தோம். இன்று பந்து உதைக்கும் கால்களைக் கண்ணை மூடிக்கொண்டு எவர் கையிலும் கொடுத்துவிடலாமா?

ஒரு வாரம் கழித்து வந்த அந்தச் சகோதரரிடம் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்.

ஒன்று: அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகாரம் உமது அகாடமிக்கு உண்டா? எந்த ஆண்டுப் போட்டியில், எந்த வயது அணியை ஆட வைத்தீர்?

இரண்டு: பையன் எந்தப் பள்ளியில் படிப்பான்? பயிற்சி நாளில் விடுபட்ட பாடத்தை யார் நடத்துவார்?

மூன்று: காலில் அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது? அவனை விடுவித்தால் என்ன சான்று தருவீர்?

நான்கு: விடுதியில் இரவில் பொறுப்பாளர் யார்? உணவும் தொழுகையும் எவ்வாறு? பெற்றோர் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கலாமா?

ஐந்து: 18 வயதுக்குட்பட்டவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்திற்கு மாற்றுவதைச் சில விலக்குகள் தவிர்த்து ஃபிஃபா தடை செய்திருக்கிறது. இந்த விதியை மீறியதற்காகப் பார்சிலோனாவே 2014இல் தண்டிக்கப்பட்டது. அப்படியிருக்க, பதினைந்து வயதில் இவனை வெளிநாட்டில் எப்படிச் சேர்ப்பீர்?

இன்னொன்றையும் வாயால் சொன்னேன். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கலாமென்று யாரேனும் யோசனை கூறினால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்த்தே வயதைச் சோதிக்கிறார்கள். சோதனையில் தப்பினாலும் பொய் பொய்தான். அடுத்த பிள்ளையின் இடத்தைத் திருடியதாகிவிடும்.

மறுநாள் மக்ரிபுக்குப் பின் அவர் வந்தார். மூன்றாவது கேள்விக்கு விடை வருமுன்னரே தொலைபேசி துண்டிக்கப்பட்டதாம்; பிறகு அந்த எண் ஒலிக்கவேயில்லை. அல்ஹம்துலில்லாஹ், நகை வீட்டிலேயே இருக்கிறது. பையனின் பள்ளியிலுள்ள உடற்கல்வி ஆசிரியர், மாவட்டச் சிறுவர் அணித் தேர்வுக்குக் கட்டணமின்றி அழைத்துச் செல்வதாகக் கூறியிருக்கிறார். எட்டாம் வகுப்புப் பாடங்களில் பின்தங்கக் கூடாதென்பது மட்டும் தாயாரின் நிபந்தனை.

புறப்படும்போது பையன் என்னிடம் தயங்கியபடி கேட்டான்: "ஹஜ்ரத், நான் பெரிய ஆட்டக்காரனாக வருவேனா?"

"அது அல்லாஹ் அறிந்தது. ஆனால் வராமற்போனாலும் உன் அத்தாவும் அம்மாவும் உன்னை வாசலில் நின்று வரவேற்பார்கள். அதை மறக்காமல் ஆடு" என்றேன்.

அவன் அன்று மாலையும் திடலில்தான் இருந்தான்.